ரெண்டு மில்லிமீட்டர் விவகாரம்

"எஸ்எல்ஆர் வாங்கலாம்னு இருக்கேன். கேனானா, நிக்கானா?"

கேமரா பத்தி நாலு பதிவு எழுதினவங்க யாரும் இந்தக் கேள்வியில இருந்து தப்பிச்சதா சரித்திரம் கிடையாது. இப்ப அதே கேள்வி "மிரர்லெஸ்ல கேனானா, சோனியா?"ன்னு மாறி வருது, அவ்வளவுதான். மெகாபிக்சல், ஐஎஸ்ஓ, விலைன்னு எல்லாத்தையும் அலசுவோம். பாடிக்கும் லென்சுக்கும் நடுவுல இருக்கிற அந்த உலோக வளையத்தைப் பத்தி மட்டும் பேச மாட்டோம். மவுண்ட்! பாடி நாலஞ்சு வருஷத்துல பழசாயிடும். நல்ல லென்ஸ் நாற்பது வருஷம் நிக்கும். அந்த லென்ஸ் எந்தப் பாடியில ஏறும், எதுல ஏறாதுங்கறதை, நம்மள்ல பாதிப் பேர் பொறக்கறதுக்கு முன்னாடியே யாரோ முடிவு பண்ணி வச்சுட்டாங்க. பழைய லென்ஸ், அடாப்டர், ரிமோட், ஃபிளாஷ்னு கிடைச்சதையெல்லாம் டிஜிட்டல் எஸ்எல்ஆர்ல மாட்டிப் பார்க்கிற ஆசாமிங்கற முறையில, அந்தக் கதைக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

முதல்ல அடிப்படை. எஸ்எல்ஆர்ல லென்சுக்கும் சென்சாருக்கும் (அப்ப ஃபிலிமுக்கும்) நடுவுல ஒரு கண்ணாடி சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கும். நாம க்ளிக் பண்ணும்போது அது 'டப்'னு மேல ஏறணும். அதுக்கு இடம் வேணும். அதனால லென்ஸ் ஃபிலிமை விட்டு நாலு நாலரை சென்டிமீட்டர் தள்ளித்தான் உட்காரும். எத்தனை மில்லிமீட்டர் தள்ளிங்கறதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வச்சுக்கிச்சு. நிக்கான் 46.5. பழைய திருகு மவுண்டான எம்42ல 45.46. கேனானோட பழைய எஃப்டி மவுண்ட்ல 42. அதே கேனானோட புது இஎஃப் மவுண்ட்ல 44.

இந்த நாலு எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வச்சுக்குங்க. மொத்தக் கதையும் இதுக்குள்ளதான் இருக்கு.

விதி ரொம்ப சிம்பிள். லென்ஸோட எண் பெருசா, பாடியோட எண் சின்னதா இருந்தா, மிச்ச இடத்துல ஒரு வளையத்தை அடாப்டரா வச்சு மாட்டிடலாம். தலைகீழா இருந்தா போச்சு. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தை விட முன்னால போய் உட்கார்ந்துடும். பக்கத்துல இருக்கிறது மட்டும்தான் தெளிவா வரும். 50 மி.மீ. லென்சை வெறும் 2 மி.மீ. முன்னால தள்ளிப் பாருங்க. சுமார் ஒண்ணேகால் மீட்டருக்கு அப்பால எதுவுமே ஃபோகஸ் ஆகாது. பூவை எடுக்கலாம், பூச்சியை எடுக்கலாம். மலையை எடுக்க முடியாது. எதிர்வீட்டு வாசலைக்கூட எடுக்க முடியாது.

இனிமே சரித்திரம்.

எம்42, கிழக்கு ஜெர்மனியில டிரெஸ்டன் நகரத்துச் சரக்கு. 1945 பிப்ரவரி குண்டுவீச்சுல தரைமட்டமான அதே டிரெஸ்டன். போர் முடிஞ்சு நாலே வருஷத்துல, 1949ல், அங்கேருந்து கான்டாக்ஸ் எஸ்னு ஒரு கேமரா வெளிய வருது. பென்டாப்ரிசம் வச்சது, அதாவது கண்ணுக்கு நேரா வச்சு, இடவலம் மாறாம பார்க்கலாம். லென்சை பாட்டில் மூடி மாதிரி திருகி மாட்டணும். 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. ரகசியம் ஒண்ணும் கிடையாது, லேத் பட்டறை வச்சிருக்கிற யாரும் கடைஞ்சுடலாம். அதான் அதோட பலமே. பிராக்டிகா எடுத்துக்கிச்சு. 1957ல் ஜப்பான்ல அசாஹி பென்டாக்ஸ் எடுத்துக்கிச்சு. யாஷிகா, ஃபுஜி, சினான், சோவியத் ஜெனிட்னு ஆளாளுக்கு அதே புரியில கேமரா போட்டாங்க. இரும்புத்திரைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே திருகு ஓடினதை நினைச்சா எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

1959ல் ஜப்பான்ல ரெண்டு கம்பெனி சொந்த மவுண்டோட எஸ்எல்ஆர் விட்டாங்க. நிக்கான் விட்டது நிக்கான் எஃப். கேனான் விட்டது கேனான்ஃபிளெக்ஸ். நிக்கான் எஃப் பத்திரிகைக்காரங்க கையில போய் உட்கார்ந்து புகழ்பெற்றது. கேனான்ஃபிளெக்ஸை இன்னிக்கு சேகரிப்பாளர்களைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லை. ஆனா அந்த 42 மி.மீ. இடைவெளி அதுலதான் ஆரம்பிச்சுது. 1964ல் எஃப்எல், 1971ல் எஃப்டின்னு உள்ளே இருந்த நெம்புகோலெல்லாம் மாறிச்சே தவிர இடைவெளி மாறல. 1976ல் ஏஇ-1 வந்தது. உள்ளே மைக்ரோபிராசசர் வச்ச முதல் எஸ்எல்ஆர். லட்சக்கணக்குல வித்துது. ஒவ்வொண்ணோடவும் ஒரு எஃப்டி லென்ஸ் வீட்டுக்குள்ள போச்சு. சில வீட்டுல நாலு போச்சு.

அப்புறம் 1985. மினோல்ட்டா 7000 வந்து எல்லார் தூக்கத்தையும் கெடுத்துது. ஆட்டோஃபோகஸ்! பாடிக்குள்ளயே மோட்டாரும் ஃபோகஸ் சென்சாரும். இதுக்காக மினோல்ட்டா தன்னோட பழைய மவுண்டை ஒரே போடா தூக்கிப் போட்டுட்டு புதுசு வச்சுது. அதே வருஷம் கேனான் டி80ன்னு ஒண்ணு விட்டுப் பார்த்தாங்க. பழைய எஃப்டி மவுண்ட்லயே, முதுகுல டப்பா மாதிரி மோட்டார் கட்டின லென்ஸ்களோட. எடுபடல. நிக்கான் 1986ல் எஃப்-501ல் மோட்டாரை பாடிக்குள்ள வச்சு, ஒரு சின்ன திருகாணி வழியா லென்சைச் சுத்த வச்சாங்க. மவுண்ட் அதே 1959 மவுண்ட்தான்.

கேனானுக்கு முன்னால ரெண்டு வழி. நிக்கான் மாதிரி பழசுல ஒட்டுப் போடலாம். இல்ல, மினோல்ட்டா மாதிரி வெட்டிவிடலாம். வெட்டிவிட்டாங்க. 1987 மார்ச்சில் ஈஓஎஸ் 650, கூடவே இஎஃப் மவுண்ட். பாடிக்கும் லென்சுக்கும் நடுவுல ஒரு நெம்புகோல், ஒரு பல்சக்கரம் கிடையாது. எல்லாம் மின்சாரம். ஃபோகஸ் மோட்டார் லென்சுக்குள்ள, அப்பெர்ச்சரைச் சுருக்கற மோட்டாரும் லென்சுக்குள்ள. வாய் விட்டம் 54 மி.மீ. (நிக்கானோடது 44). இடைவெளி 44 மி.மீ.

பழசு 42, புதுசு 44.

எஃப்டி வச்சிருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கல்யாண வீடியோ, போர்ட்ரெய்ட்னு தொழில் பண்ணி, ஒவ்வொரு லென்சா சேர்த்து வச்ச ஸ்டுடியோக்காரர். புது கேனான் பாடி வாங்கினா கையில இருக்கிற கேனான் லென்ஸ் ஒண்ணுகூட ஏறாது. கேனானே ஒரு மாற்றி போட்டாங்க. நடுவுல கண்ணாடி வச்சு 1.26 மடங்கு பெருசாக்கற சாமான். அதுவும் குறிப்பிட்ட சில டெலிஃபோட்டோ லென்சுகளுக்கு மட்டும்தான். சாதா 50 மி.மீ. வச்சிருந்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது.

இப்ப அந்தத் துண்டுச்சீட்டை எடுங்க. நிக்கான் 46.5, புது கேனான் 44. அதாவது எதிரி கம்பெனி நிக்கானோட லென்ஸ் ரெண்டரை மில்லிமீட்டர் வளையத்தோட கேனான் பாடியில ஜம்முனு ஏறும். எம்42 ஏறும். சோவியத் லென்ஸ் ஏறும். கேனான் தன் கையால செஞ்சு வித்த எஃப்டி மட்டும் ஏறாது! இந்த மாதிரி கூத்து வேற எந்தத் தொழில்லயும் நான் பார்த்ததில்லை :-)

கேனானைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல. பன்னிரண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா அவங்க கணக்கு சரியாத்தான் இருந்தது. எல்லாம் கம்பி வழிப் பேச்சுங்கறதால டிஜிட்டல் வந்தப்ப கேனானுக்கு மவுண்ட்ல எதையும் மாத்த வேண்டி வரல. 1987ல் வாங்கின இஎஃப் லென்ஸ் 2020ல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3ல் ஆட்டோஃபோகஸோட வேலை செய்யும். நிக்கான் பக்கம் போனா நிலைமை வேற. மவுண்ட் மாறலைன்னு மார்தட்டிக்கலாம். ஆனா 1977ல் வந்த 'ஏஐ' மாற்றத்துக்கு முந்தின லென்சுகளைப் பல பாடிகள்ல மாட்டினா, அங்கிருக்கிற சின்ன நாக்கு உடைஞ்சு போகும். 2004ல் வந்த டி70ல் மேனுவல் லென்ஸ் மாட்டினா லைட் மீட்டர் வேலை செய்யாது. 2006ல் வந்த டி40ல் பாடிக்குள்ள இருந்த மோட்டாரையே எடுத்துட்டாங்க, அதனால மோட்டார் இல்லாத ஆட்டோஃபோகஸ் லென்செல்லாம் கையால சுத்தற லென்சாப் போச்சு. வளையம் ஒண்ணுதான், உறவுதான் கொஞ்சம் கொஞ்சமா முறிஞ்சுக்கிட்டே வந்தது. ஒரேயடியா வெட்டறதா, தவணையில வெட்டறதா? என்னைக் கேட்டா முதல் வழியில நேர்மை ஜாஸ்தி. எஃப்டி வச்சிருந்தவர்கிட்ட இதைச் சொன்னா அடிக்க வருவார், அது வேற விஷயம்.

டிஜிட்டல்னு வந்தாச்சு, அந்த ஆரம்பத்தையும் பார்த்துடலாம். 1991ல் கோடாக் டிசிஎஸ் வந்தப்ப, நிக்கான் எஃப்3 பாடியில 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி, படத்தைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் பெட்டியைத் தனியா தோள்ல மாட்டிக்கணும். விலை இருபதாயிரம் டாலருக்குக் குறையாது. 1999ல் நிக்கான் டி1 வந்து, எல்லாம் ஒரே உடம்புக்குள்ள அடங்கிச்சு. 2003ல் கேனான் 300டி. ஆயிரம் டாலருக்குள்ள கிடைச்ச முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர். நம்மளை மாதிரி ஆட்கள் உள்ளே நுழைஞ்ச வாசல் அதுதான்.

அந்த 300டிக்கு உள்ளே ஒரு சுவாரசியம் இருக்கு. அதே வருஷம் கொஞ்சம் முன்னாடி, கூடுதல் விலையில 10டின்னு ஒண்ணு வந்தது. ரெண்டுக்கும் 6.3 மெகாபிக்சல், படத்தை உருவாக்கற சிப்பும் ஒண்ணுதான். ஆனா 300டியோட மெனுவுல பல செட்டிங்கைக் காணோம். ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது, கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்கிறது, ஐஎஸ்ஓ 3200 எதுவும் கிடையாது. இல்லாததால இல்ல, மூடி வச்சிருந்ததால. ஒரு ரஷ்யப் புண்ணியவான் ஃபர்ம்வேரைத் திருத்தி இணையத்துல விட்டார். ஏத்தினவங்களுக்கு அந்த செட்டிங்கெல்லாம் உயிரோட எழுந்து வந்தது. வாரண்டி போயிடும்னு பயந்துக்கிட்டே ஏத்தினவங்க எத்தனையோ பேர். 2009ல் 5டி மார்க் 2க்காக வந்த மேஜிக் லேன்டர்னும் இதே ஜாதிதான்.

300டியோட வந்த கிட் லென்ஸ் இன்னொரு மில்லிமீட்டர் கதை. இஎஃப்-எஸ் 18-55. சின்ன சென்சாருக்குக் கண்ணாடியும் சின்னது, அதனால லென்ஸோட பின்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கலாம்னு வடிவமைச்சாங்க. விளைவு? அதிக விலை கொடுத்து 10டி வாங்கினவங்களுக்கு அந்த லென்ஸ் ஏறல. சிலர் லென்ஸோட பின்பக்கப் பிளாஸ்டிக்கை ரம்பத்தால அறுத்து மாட்டினாங்க. நிஜமாத்தான்! பின்னாடி 5டி மாதிரி ஃபுல் ஃபிரேமுக்குப் போனவங்களும் இஎஃப்-எஸ் லென்சையெல்லாம் வித்துட்டுத்தான் போக வேண்டியிருந்தது. லென்ஸ்ல வெள்ளைச் சதுரமா, சிவப்புப் புள்ளியான்னு பார்த்து வாங்குங்கன்னு அப்ப எல்லாரும் சொன்னது இதுக்குத்தான்.

சரி, செயல்முறைக்கு வருவோம். சின்ன சென்சார் கேனான் டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒண்ணு பீரோவுல தூங்குதுன்னா, மலிவான எம்42 வளையம் ஒண்ணும் ஹீலியோஸ் 44-2 ஒண்ணும் வாங்கிப் பாருங்க. 58 மி.மீ. எஃப்/2. 1930கள்ல ஜெய்ஸ் போட்ட பயோட்டார் லென்ஸோட சோவியத் வாரிசு. ஜெனிட் கேமராவோட வந்தது, அதனால பழைய கேமரா கடைக் கண்ணாடி அலமாரியில தட்டுப்படும். 1.6 மடங்கு கணக்குல 93 மி.மீ. ஆயிடும், முகம் எடுக்கத் தோதான நீளம். பின்னாடி இலை தழை இருந்தா, அது சுழல் மாதிரி வட்டமடிக்கும். குறைதான் அது. அந்தக் குறைக்காகத்தான் இப்ப காசு கொடுத்து வாங்கறாங்க.

மாட்டினதும் திரையில அப்பெர்ச்சர் 00ன்னு வரும். பயப்படாதீங்க, லென்ஸ் இருக்கிறதே கேமராவுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். 'ஏவி'யிலயோ 'எம்'மிலயோ வச்சுக்குங்க. 44-2ல் ரெண்டு வளையம் இருக்கும். ஒண்ணுல எஃப்/4ன்னு எல்லையை வச்சுட்டு, இன்னொண்ணைத் திறந்து வச்சு ஃபோகஸ் பண்ணி, அப்புறம் எல்லை வரைக்கும் மூடி க்ளிக் பண்ணணும். இதுல ஒரு சிக்கல் உண்டு. ஃபிலிம் எஸ்எல்ஆர்ல நடுவுல பிளந்த வட்டம் இருக்கும், ரெண்டு பாதியும் சேர்ந்தா ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் வந்தப்புறம் அதை எடுத்துட்டாங்க. அதனால வியூஃபைண்டர்ல சரியாத் தெரியறது கம்ப்யூட்டர்ல மொக்கையா இருக்கும். 40டி (2007) மாதிரி லைவ் வியூ இருக்கிற பாடின்னா 10 மடங்கு பெருசாக்கிப் பாருங்க, பிரச்சினை தீர்ந்தது. ஃபுல் ஃபிரேம் பாடியில மட்டும் ஜாக்கிரதை. 5டியோட பெரிய கண்ணாடி சில பழைய லென்ஸோட பின்பக்கத்துல இடிக்கும்.

லென்சோட நிக்கல இந்த விவகாரம். பழைய கேமராவோட ஷட்டர் பட்டன்லயே ஒரு சின்ன புரி இருக்கும். அதுல எந்தக் கம்பெனி கேபிள் ரிலீசையும் திருகிக்கலாம். மின்சார பட்டன் வந்ததும் ஆளுக்கொரு ஓட்டை. கேனான் பெரிய பாடிகளுக்கு மூணு முள் பிளக்கு. சின்ன பாடிகளுக்கு சாதாரண 2.5 மி.மீ. ஸ்டீரியோ ஓட்டை. அந்தக் காலத்து மொபைல் ஹெட்செட் பின் அது! நுனி ஷட்டருக்கு, நடு வளையம் ஃபோகஸுக்கு, அடிப்பாகம் பொது. ரெண்டு பட்டனை வச்சு சால்டர் பண்ணினா ரிமோட் ரெடி. விலை கம்மியான கேமராவுக்கு மலிவான ரிமோட், விலை கூடின கேமராவுக்கு விலை கூடின ரிமோட். பகவான் கணக்கு.

ஃபிளாஷ்ல மட்டும் விளையாடாதீங்க. மேல மாட்டற கால் பெரும்பாலும் ஒரே அளவு, நடுவுல அதே ஒரு புள்ளி. ஆனா பழைய கேமராவுல அந்தப் புள்ளிக்குப் பின்னாடி இருந்தது வெறும் உலோக ஸ்விட்ச். எவ்வளவு வோல்ட் வந்தாலும் தாங்கும். 1970கள்ல வந்த விவிட்டார் 283ல ஆரம்ப கால யூனிட் சிலதுல அந்தப் புள்ளியில 200 வோல்ட்டுக்கு மேல நிக்கும். டிஜிட்டல் பாடியில அங்கே இருக்கிறது நோஞ்சான் மின்னணுச் சுற்று. பழைய ஃபிளாஷ் கிடைச்சா, ஆன் பண்ணி முழுசா சார்ஜ் ஏத்திட்டு, அடியில நடுப்புள்ளிக்கும் ஓரத்து உலோகத்துக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துட்டு அப்புறம் மாட்டுங்க. கையும் ஜாக்கிரதை. எண் பெருசா வந்தா, கேமராவுல மாட்டாம ரேடியோ ட்ரிக்கர்ல வைக்கலாம், அந்த ட்ரிக்கர் தாங்கும்னா.

ஃபில்டர் பத்தி ஒரு வரி: ஃபிலிம் புற ஊதாக் கதிரைப் பார்த்து நீலம் பூசிக்கும், அதனால யுவி ஃபில்டர் தேவைப்பட்டுது. சென்சாருக்கு அந்த வியாதி அவ்வளவா கிடையாது. இப்ப அது லென்சுக்கு ஒரு மூடி, அவ்வளவே.

மறுபடி வளையத்துக்கு வருவோம். 2008ல் பானசோனிக் ஜி1 வந்து கண்ணாடியையே தூக்கிட்டாங்க. கண்ணாடி இல்லேன்னா எதுக்கு நாலரை சென்டிமீட்டர் இடைவெளி? 2010ல் சோனி 18 மி.மீ.க்கு இறங்கிச்சு. 2018ல் நிக்கான் இசட் மவுண்ட் போட்டு 16 மி.மீ.க்கு வந்தது. 59 வருஷம் கட்டிக் காப்பாத்தின இடைவெளியை ஒரே நாள்ல விட்டாங்க. அதே 2018ல் கேனான் ஈஓஎஸ் ஆர், 20 மி.மீ. (1959 கேனான்ஃபிளெக்ஸ் மவுண்டுக்கும் 'ஆர்'னுதான் பேரு. தற்செயலோ என்னவோ.)

கணக்கு போட்டுப் பாருங்க. 42ல 20 போனா 22. நடுவுல கண்ணாடி எதுவும் இல்லாத 22 மி.மீ. வெறும் குழாய். 1987ல் அநாதையான எஃப்டி லென்ஸ், 31 வருஷம் கழிச்சு கேனான் பாடியில ஏறி மலையை ஃபோகஸ் பண்ணுது. நடுவுல இருந்த காலத்துல அடிமாட்டு விலைக்குப் போன எஃப்டி 50 எஃப்/1.4, 85 எஃப்/1.2 எல்லாத்துக்கும் இப்ப விலை ஏறிப்போச்சு. 1990கள்ல வெறுத்துப் போய் வித்தவங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு.

உங்க வீட்டுப் பரண்ல அப்பாவோட ஏஇ-1 இருந்தா, அந்த லென்சைக் கழட்டிக் குழாயோட மாட்டும் முன்னாடி மெனுவுல ஒரு செட்டிங்கை மாத்தணும். "லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்கு" அப்படிங்கற அர்த்தத்துல ஒரு வரி இருக்கும். அதை ஆன் பண்ணுங்க. இல்லேன்னா க்ளிக் ஆகாது. கேனானோட புது பாடிக்கு, முன்னால மாட்டியிருக்கிறது கேனான் லென்ஸ்தான்னு இன்னமும் தெரியாது.